சாமி கண்ணைக் குத்துமா?

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். இதைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் ஆறு வயதைத் தாண்டியிருக்க மாட்டார்கள். சீனி டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறந்தவன், தம்பியைக் கிள்ளிவிட்டு "நான் இல்லை" என்றவள், எல்லாருக்கும் ஒரே தண்டனைதான். எந்தச் சாமி, எந்தக் கண்ணை, என்றைக்குக் குத்தும் என்று பாட்டிமார் விவரம் சொல்வதில்லை. இரண்டு நாள் கழித்துக் கண்ணில் தூசி விழுந்து உறுத்தினால் போதும், வழக்கு முடிந்தது.

ராஜபாளையத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். "சாமியே இல்லைன்னு சொல்றவங்க இருக்காங்கள்ல? அவங்க கண்ணை யாரும் குத்தப் போறதில்லை. அப்புறம் எதுக்கு அவங்க திருடாம இருக்காங்க?"

பெரிய பெரிய தத்துவ அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. சாமி உண்டா, இல்லையா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். நான் பார்க்க விரும்புவது வேறொன்று. மழை எப்படிப் பெய்கிறது என்பதைச் சாமியைக் கூப்பிடாமலே நாம் விளக்கிவிடுகிறோம் அல்லவா? அதேபோல மனிதர்கள் ஏன் நல்லவர்களாக இருக்கிறார்கள் என்பதையும் விளக்க முடியுமா?

முதலில் ராஜபாளையம் நாயிடம் போவோம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீளக் கால். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த நாட்டு இனம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் இதுவும் ஒன்று. எந்த இன நாயானாலும் சரி, வீட்டில் இரண்டு நாய் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் பிஸ்கட் போட்டால் மற்றது படுத்தும் பாட்டைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

கதையாகச் சொன்னால் அறிவியலில் செல்லாது. ஆஸ்திரியா நாட்டின் வியன்னாவில் ஃபிரீடரிக்கே ராங்கே என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதனையாகவே செய்து 2009-இல் வெளியிட்டார்கள். பழகிய இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நம்மூரில் "ஷேக் ஹேண்ட்" என்று சொன்னால் நாய் முன்காலை நீட்டுமே, அதுதான் வேலை. இரண்டு நாயும் காலை நீட்டின. ஒன்றுக்கு மட்டும் தின்ன ஏதாவது கிடைத்தது, மற்றதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கிடைக்காத நாய் காலை நீட்டுவதை நிறுத்தியது. கொட்டாவி விட்டது, உடம்பைச் சொறிந்தது, பக்கத்து நாயைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பரிசே கிடைக்காவிட்டாலும் தனியாக இருக்கும்போது அதே நாய் இன்னும் நெடுநேரம் காலை நீட்டியது என்பதுதான் இதில் முக்கியம். அதற்குக் கோபம் பிஸ்கட் இல்லாததால் மட்டும் வரவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைத்து, தனக்குக் கிடைக்காததால் வந்தது.

மனிதனோடு பல ஆயிரம் ஆண்டு பழகியதால் நாய் இதைக் கற்றுக்கொண்டதோ என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சியாளர்களுக்கும் அதே சந்தேகம் வந்தது. அதே வியன்னாக் குழு 2017-இல் ஓநாய்களை வைத்துச் சோதித்தது. ஓநாய்களும் முரண்டு பிடித்தன. ஆக, "இது நியாயமில்லை" என்ற உணர்வின் விதை நாயைவிடப் பழையது.

ஆனால் விதை என்றுதான் சொல்கிறேன், செடி என்று சொல்லவில்லை. தின்பண்டம் கிடைத்த நாய் என்ன செய்தது தெரியுமா? வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தது! "எனக்கு ஏன் இல்லை?" என்பது நாய்க்குத் தெரிகிறது. "அவனுக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று அது கேட்கவில்லை. 2010-இல் வெளியான ஒரு சிம்பன்சி ஆராய்ச்சியில், துணைக்குச் சாதாரண கேரட் கிடைப்பதைப் பார்த்துவிட்டுத் தனக்கு வந்த திராட்சையைச் சில சமயம் வேண்டாமென்று விட்ட சிம்பன்சிகளைக் கண்டார்கள். எப்போதும் இல்லை, சில சமயம்தான். அதுவே பெரிய விஷயம்.

நியாயம் கேட்பது இருக்கட்டும், அடுத்தவருக்கு உதவுவதைப் பார்ப்போம். ராஜபாளையத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் மேற்கே மலை தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கக் காடு 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் செந்நாய் என்றொரு விலங்கு கூட்டமாக வாழ்கிறது. இதைக் காட்டில் நடந்தே பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர், 1970களில் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுக்குப் போய்ச் செந்நாய்க் கூட்டங்களைக் கவனித்தார்.

செந்நாய்க் கூட்டத்தில் குட்டி போட்ட தாய் மட்டும் பாடுபடுவதில்லை. மற்ற பெரிய நாய்களும் வேட்டையாடி, தின்ற இறைச்சியைக் குட்டிகளின் முன் கக்கிக் கொடுக்கின்றன. வளைக்குக் காவல் இருக்கின்றன. ஓரளவு வளர்ந்த குட்டிகள் வேட்டைக்கு வந்தால் அவற்றை முதலில் தின்ன விடுகின்றன. யார் சொல்லி? இங்கே பாட்டியும் இல்லை, கண்ணைக் குத்தும் சாமியும் இல்லை.

இதற்கான கணக்கு மரபணுவில் இருக்கிறது. உங்கள் உடம்பில் இருக்கும் மரபணுக்களில் சராசரியாகப் பாதி, உங்கள் உடன்பிறந்தவரிடமும் அப்படியே இருக்கும். சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகளிடம் எட்டில் ஒரு பங்கு. உறவினரைக் காப்பாற்றத் தூண்டும் ஒரு மரபணு, அந்த உறவினரின் உடம்பிலும் இருக்க வாய்ப்பு உண்டு. அவர் பிழைத்தால் அதுவும் பிழைக்கும். இங்கிலாந்திலிருந்து 1957-இல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் இதை வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஒரு சகோதரனுக்காக உயிரைக் கொடுப்பீர்களா என்றதற்கு, ஒருவனுக்காக மாட்டேன், இரண்டு பேர் என்றால் யோசிக்கலாம், சித்தப்பா பிள்ளைகள் என்றால் எட்டுப் பேராவது வேண்டும் என்றாராம். அவர் இறந்த அதே 1964-இல் வில்லியம் ஹாமில்டன் என்ற இளைஞர் இந்தக் கணக்கை முறையான சூத்திரமாக எழுதி வெளியிட்டார். செந்நாய்க்கு வகுத்தல் தெரியாது. கணக்கைப் போட்டது பரிணாமம். குட்டியைப் பார்த்தால் ஊட்ட வேண்டும் என்ற துடிப்பு மட்டும் நாய்க்குள் இருந்தால் போதும்.

உறவினர் அல்லாதவருக்கு உதவுவது ஏன்? இதற்கு இரத்தம் குடிக்கும் வௌவால்கள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. இவை நம்மூரில் இல்லை, பயப்பட வேண்டாம். கோஸ்டா ரிக்கா நாட்டில் ஜெரால்ட் வில்கின்சன் இவற்றை ஆராய்ந்து 1984-இல் எழுதினார். மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் இந்த வௌவால் செத்துவிடும். அப்போது வயிறு நிறைந்த வௌவால், பசித்ததற்குத் தன் வாயிலிருந்து இரத்தத்தைப் பகிர்ந்து கொடுக்கிறது. பின்னால் நடந்த சோதனைகளில், உறவா இல்லையா என்பதைவிட "முன்பு எனக்குக் கொடுத்ததா?" என்பதே அதிகம் எடைபோட்டது. நம்மூர் மொய் நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுக்கு உதவலாம், திருப்பிச் செய்பவருக்கு உதவலாம். முகமே தெரியாதவரிடம் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்? மனிதர்களின் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும், அங்கே பால்கோவாவைத் தின்றுகொண்டே யோசிக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் பாலும் சீனியும் தவிர ஒன்றும் கிடையாது. அகலமான வாணலியில் பாலை ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பால் இறுகும். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் விறகும் நேரமும் கூடும், கோவா குறையும். வாணலியை ஏமாற்ற முடியாது.

இப்போது ஒரு பால் சொசைட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூறு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு 5 லிட்டர் ஊற்றுகிறார்கள். ஒருவர் மட்டும் நாலரை லிட்டர் பாலில் அரை லிட்டர் தண்ணீரைச் சேர்த்துவிட்டார். மொத்தம் 500 லிட்டரில் அரை லிட்டர், ஆயிரத்தில் ஒரு பங்கு. யாருக்கும் தெரியாது, அவருக்கு லாபம். இதே யோசனை நூறு பேருக்கும் வந்தால் பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர். ஊர்ப் பாலுக்கே பெயர் கெடும், விலை விழும். தனித்தனியாகப் பார்த்தால் ஏமாற்றுவது லாபம், சேர்த்துப் பார்த்தால் எல்லாருக்கும் நட்டம். திருட்டு, பொய், லஞ்சம், பரீட்சையில் காப்பி என்று நாம் தப்பு என்று சொல்லும் பலவற்றுக்குள்ளும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

சொசைட்டிக்காரர்கள் கண்ணைக் குத்தும் சாமிக்காகக் காத்திருப்பதில்லை. லாக்டோமீட்டரைப் போடுகிறார்கள். அடியில் கனமான குண்டும் மேலே அளவு போட்ட தண்டும் உள்ள கண்ணாடிக் குழாய் அது. பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தியானது. நல்ல பசும்பாலில் குழாய் மிதந்து 28-லிருந்து 32 வரை காட்டும். தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், குழாய் இன்னும் கீழே இறங்கும், அளவு குறையும். சரி, அடர்த்தியைக் கூட்டச் சீனியைப் போட்டால்? அதைக் கண்டுபிடிக்க வேறு சோதனைகள் இருக்கின்றன. திருடனும் போலீசும் மாதிரி இந்த ஓட்டம் நிற்பதே இல்லை. என்னைக் கேட்டால், இத்தனை கருவிகளைவிட ஆச்சரியமானது வேறொன்று. கருவியே இல்லாத காலத்திலும், தெருவில் செம்பை நீட்டி வாங்கிய காலத்திலும், தண்ணீர் கலக்காத பால்காரர்கள் இருந்தார்கள்.

யாராவது பார்க்கிறார்கள் என்ற எண்ணம் மனிதர்களை மாற்றுமா? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மெலிசா பேட்சனும் நண்பர்களும் 2006-இல் ஒரு குறும்பான சோதனையை வெளியிட்டார்கள். டீ, காபி குடிப்பவர்கள் தாங்களே பெட்டியில் காசு போட வேண்டும், பார்க்க ஆள் கிடையாது. விலைப்பட்டியலின் மேல் ஒரு வாரம் பூப்படம், மறுவாரம் இரண்டு கண்களின் படம். பத்து வாரம் இப்படி மாற்றி மாற்றி ஒட்டினார்கள். எத்தனை லிட்டர் பால் செலவானது என்பதை வைத்து எவ்வளவு குடித்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். கண் இருந்த வாரங்களில் விழுந்த காசு கிட்டத்தட்ட மூன்று மடங்கு! வெறும் காகிதக் கண்தான். பாட்டிமார் இந்தச் சோதனையைப் பல நூற்றாண்டாகச் செய்துவருகிறார்கள், கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அறிவியலில் ஒரு சோதனையோடு கதை முடிவதில்லை. பிறகு பலர் பல இடங்களில் கண்படங்களை வைத்துச் செய்த சோதனைகளையெல்லாம் 2017-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கண்படம் மனிதரின் தாராள குணத்தைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. இன்னொரு பெரிய சோதனை 2019-இல் வெளியானது. 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை "தெருவில் கிடந்தது" என்று வங்கி, தபால் நிலையம், விடுதி போன்ற இடங்களில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். சிலவற்றில் பணம், சிலவற்றில் இல்லை. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது நேர்மாறு. பணமில்லாத பர்ஸுக்கு உரியவரைத் தொடர்புகொண்டவர்கள் சுமார் 40 சதவீதம், பணமுள்ளதற்கு சுமார் 51 சதவீதம். தன்னைத் திருடனாகத் தானே பார்க்க மனிதர்களுக்குப் பிடிப்பதில்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பேருந்து நிலையத்தில் காந்தி ஜெயந்தி அன்று ரோட்டரி சங்கத்தார் ஆளில்லாக் கடை வைத்ததுண்டு. பொருளை எடுத்துக்கொண்டு விலையைப் பெட்டியில் போட வேண்டும். அங்கே பெட்டியைப் பார்த்துக்கொண்டது அவரவர் மனசுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சாமி நம்பிக்கையால் ஒரு பயனும் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் எட்டுச் சமூகங்களைச் சேர்ந்த 591 பேரிடம் ஒரு விளையாட்டு வைத்தார்கள். பிஜி, மொரீஷியஸ் தீவுகளில் வாழும் இந்துக்களும் அதில் உண்டு. ஆளுக்கு 30 காசு, இரண்டு கிண்ணம். ஒரு கிண்ணம் தன் ஊர்க்காரருக்கு, இன்னொன்று அதே சாமியைக் கும்பிடும் தூரத்து ஊர்க்காரருக்கு. மனசுக்குள் ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொண்டு பகடையை உருட்ட வேண்டும். ஒரு நிறம் விழுந்தால் நினைத்த கிண்ணத்தில் காசு, மற்ற நிறம் விழுந்தால் மற்றதில். நினைத்தது எது என்று யாருக்குத் தெரியும்? ஏமாற்ற நல்ல வசதி. ஏமாற்றாவிட்டால் தூரத்து ஊர்க்காரருக்குச் சராசரியாக 15 காசு போக வேண்டும். "நம் சாமிக்கு எல்லாம் தெரியும், தப்புச் செய்தால் தண்டிக்கும்" என்று நம்பியவர்கள் தூரத்து ஊர்க்காரருக்குக் கூடுதல் நியாயமாகக் காசு போட்டார்கள். முகம் தெரியாதவர்களை ஒன்றாகக் கட்ட இந்த நம்பிக்கை உதவியிருக்கிறது.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் தேர் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுப்பதை அளந்து 1913-இல் எழுதினார். ஒருவர் தனியாக இழுக்கும்போது போடும் பலம் 100 என்றால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு ஏறக்குறைய 50 தான் விழுகிறது. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். பிறகு 1974-இல் ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்துச் சோதித்தார்கள். உண்மையில் ஒருவர் மட்டுமே இழுத்தார், அப்போதும் அவர் கையைத் தளர்த்தினார். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு! அப்படியானால் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கும் தேர் எப்படி நகர்கிறது? "கோவிந்தா! கோபாலா!" என்று ஒரே குரல் எழும் நொடியில் எல்லாக் கையும் இறுகுகிறது. சக்கரத்துக்கு அருகில் முட்டுக்கட்டை போடுபவர் தன் உயிரை மற்றவர்களை நம்பிக் கொடுத்திருக்கிறார். பக்தி இங்கே வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, அந்த ராஜபாளையத்துப் பெண் கேட்டதற்கு வருவோம். சாமி இல்லை என்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

கோபராஜு ராமச்சந்திர ராவ் என்ற கோரா ஆந்திராக்காரர், தாவரவியல் படித்தவர். 1920களில் நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பாடம் நடத்தியவர். கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்காகக் காக்கிநாடாவில் 1933-இல் வேலையை இழந்தார். பொய் சொல்லியிருந்தால் சம்பளம் வந்திருக்கும், பாருங்கள். பிறகு கிராமத்தில் தீண்டாமைக்கு எதிராக வேலை செய்தார். காந்தி கடவுள் நம்பிக்கையில் ஊறியவர். இருவரும் 1944-இல் சேவாகிராமத்தில் சந்தித்து நிறையப் பேசினார்கள். கோரா தன் மகளை ஒரு தலித் இளைஞருக்கு மணமுடிக்க நினைத்தபோது, அதைத் தன் ஆசிரமத்திலேயே, கடவுள் பெயருக்குப் பதில் சத்தியத்தின் பெயரைச் சொல்லி நடத்தக் காந்தி ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948-இல் திருமணம் சேவாகிராமத்திலேயே நடந்தது. நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலும் அமைச்சர்கள் பதவியேற்க இரண்டு வழி இருக்கிறது. கடவுள் பெயரைச் சொல்லலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். உளமார என்றவர் லஞ்சம் வாங்குவார், கடவுள் பெயரைச் சொன்னவர் வாங்க மாட்டார் என்று உங்கள் வீட்டில் யாராவது நம்புகிறார்களா? கேட்டுப் பாருங்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் கிடையாது. ஆனாலும் எறும்பைக்கூடக் கொல்லாதே என்று அவர்களைவிடக் கறாராகச் சொன்னவர்கள் குறைவு.

இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1939 ஜூலை 8. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அதுவரை அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்த சிலரை வக்கீல் அ. வைத்தியநாத ஐயர் அழைத்துக்கொண்டு போனார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் உடன் போனார். உள்ளே வரக்கூடாது என்று தடுத்தவர்கள் சாமியின் பெயரைத்தான் சொன்னார்கள், தீட்டாகிவிடும் என்றார்கள். அழைத்துப் போன வைத்தியநாத ஐயரும் ஆழ்ந்த பக்தர்தான். அதற்கு எட்டு ஆண்டு முன்பு, 1931-இல், விருதுநகரில் சுயமரியாதை மாநாடு நடந்தது. அதை நடத்திய இயக்கத்தின் தலைவர் பெரியாருக்கோ கடவுளே கிடையாது. ஆனாலும் ஒரு மனிதனைப் பிறப்பைச் சொல்லி வாசலில் நிறுத்துவது அநியாயம் என்பதில் பக்தரான ஐயரும் நாத்திகரான பெரியாரும் ஒரே பக்கம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வாசலில் தடுத்தவர்களும் உள்ளே அழைத்துப் போன ஐயரும் ஒரே மீனாட்சியைத்தான் கும்பிட்டார்கள். யார் சொல்வது நியாயம் என்று தீர்மானிக்கச் சாமியின் பெயர் மட்டும் போதவில்லை. "வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு எப்படி வலிக்கும்? அந்த இடத்தில் நான் இருந்தால்?" என்ற அளவுகோல் வேண்டியிருந்தது. ஏறக்குறைய 2,400 ஆண்டுக்கு முன் கிரேக்க நாட்டில் சாக்ரடீஸ் இதே முடிச்சைப் போட்டதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். தெய்வங்களுக்குப் பிடித்ததால் ஒன்று நல்லதா, அல்லது நல்லது என்பதால் தெய்வங்களுக்குப் பிடிக்கிறதா? இரண்டாவதுதான் சரி என்று நீங்கள் நினைத்தால், நல்லது எது என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்றுதான் பொருள். பக்தரும் அந்த வழியில்தான் போகிறார்.

1871-இல் சார்லஸ் டார்வின் மனிதத் தோற்றம் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு பாதை போட்டார். கூட்டமாக வாழும் விலங்குக்குப் பிறர் மீது பரிவு முதலில் வரும். அதற்கு நினைவாற்றலும் யோசனையும் வளர்ந்தால், நேற்றுச் செய்ததை இன்று நினைத்து வருந்தும் மனசாட்சி வரும். செந்நாய் தன் குட்டிக்கு ஊட்டும், புள்ளிமானின் குட்டியைக் கிழித்துத் தின்னும். அதன் பரிவு கூட்டத்தின் எல்லையில் நின்றுவிடுகிறது. மனிதனால் மட்டும் அந்த எல்லையைத் தள்ளிவைக்க முடிகிறது, பல சமயம் மிக மெதுவாக. ஆகவே என் பதில் இது: நல்ல குணத்தின் வேரைச் சாமியைக் கூப்பிடாமல் விளக்க முடியும். ஆனால் வேர் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அறிவியல், நாளைக்கு எந்தப் பக்கம் கிளை விட வேண்டும் என்று சொல்லிவிடாது. பொறாமையும் பழிவாங்கலும்கூடப் பரிணாமத்தில் வந்தவைதான். எதை வளர்ப்பது என்பது நாம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியது.

அறிவியலிலும் முடிவுகள் மாறும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2007-இல் ஆறு மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மை நாடகம் காட்டினார்கள். மேடு ஏற முயலும் பொம்மைக்கு ஒரு பொம்மை உதவும், இன்னொன்று கீழே தள்ளும். கிட்டத்தட்ட எல்லாக் குழந்தையும் உதவிய பொம்மையை நோக்கிக் கை நீட்டியது. உலகமே கொண்டாடியது. பிறகு 37 ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து பார்த்து 2024-இல் முடிவைச் சொன்னார்கள். குழந்தைகள் பாதிக்குப் பாதிதான் எடுத்தார்கள்! பிறந்த குழந்தைக்கே நியாயம் தெரியும் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது. ஒன்றரை வயதில், கை எட்டாமல் தவிக்கும் பெரியவருக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது 2006-இல் வந்த சோதனை. உங்கள் வீட்டுச் சுட்டியிடம் இதைச் செய்து பாருங்கள். துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவற விட்டுவிட்டுத் திண்டாடுவதுபோல் நடியுங்கள், கேட்காதீர்கள்.

கொஞ்சம் பெரிய சோதனை செய்ய ஆசையா? வகுப்பில் ஒரு மூலையில் பென்சில், ரப்பர், பேனா வைத்து, விலை எழுதி, பக்கத்தில் உண்டியல் வையுங்கள். காவலுக்கு ஆள் கூடாது. ஒரு வாரம் சுவரில் பூப்படம், அடுத்த வாரம் கண் படம், அதற்கடுத்த வாரம் "இந்த லாபத்தில் நம் வகுப்புக்குப் பந்து வாங்குவோம்" என்று ஓர் அட்டை. வாரக் கடைசியில் போன பொருளின் விலையையும் விழுந்த காசையும் எழுதி வையுங்கள். மூன்றையும் இரண்டு மூன்று சுற்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

ஒரே ஒரு சிக்கல். சோதனை நடக்கிறது என்று வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள், முடிவு கெட்டுவிடும். சொல்லாமல் செய்தால் நண்பர்களை அவர்களுக்குத் தெரியாமலே வேவு பார்த்ததாக ஆகாதா? பல்கலைக்கழகங்களில் இதை முடிவுசெய்யத் தனியாக ஒரு குழுவே உண்டு. நீங்கள் முதலில் உங்கள் டீச்சரோடும் இரண்டு மூன்று பேரோடும் உட்கார்ந்து இதைப் பேசி முடியுங்கள், உண்டியலைப் பிறகு வாங்கலாம்.